நந்தன் கொட்டகைக்கு வந்தான்

(‘மேடை இசை நாடகங்கள் வெள்ளித்திரைக்குப் போனதில் வாழ்ந்தனவா? வீழ்ந்தனவா?’ என்ற தலைப்பில் காரைக்காலில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘வாழ்ந்தன’ அணியில் இரண்டாவதாகப் பேசியது.)



நடுவர் அவர்களே, எனக்கு முன்னால பேசிட்டுப் போன எதிரணி அம்மா என்ன அருமையாப் பாடினாங்க! நானே என் கட்சியை மறந்து கைதட்டிட்டேன். ‘பிறவா வரம்’ பாட்டை எடுத்து, கண்ணை மூடி, அப்படியே உருகிட்டாங்க. பாடி முடிச்சிட்டு என்ன சொன்னாங்க? “இதுதான் கோபாலகிருஷ்ண பாரதியார் மேடைக்குத் தந்த செல்வம். இதைத்தான் சினிமாக்காரன் கெடுத்துக் குட்டிச்சுவராக்கினான்”னாங்க. உங்களுக்கே கண் கலங்கிப் போச்சு. நான் பார்த்தேன்.

(நடுவர்: அது கண்ணுல தூசி விழுந்ததுய்யா! – சிரிப்பு)

தூசியாவே இருக்கட்டும் ஐயா. ஆனா அந்தப் பாட்டு பாரதியார் பாட்டு இல்லை. அது பாபநாசம் சிவன் எழுதினது. எதுக்கு எழுதினாரு? மேடைக்கா? இல்லை. 1942-ல ஜெமினி வாசன் எடுத்த ‘நந்தனார்’ சினிமாவுக்கு எழுதினாரு! (பலத்த கைதட்டல்) ஆக, சினிமா மேடையைக் கெடுத்ததுக்கு அம்மா கொண்டுவந்த சாட்சி, சினிமா பெத்த பிள்ளை! நான் அவங்களைக் குத்தம் சொல்லலை. கச்சேரி பண்ற வித்வான்களே அந்தப் பாட்டைப் பாடிப் பாடி, கேக்கிறவங்க அதைப் பழைய நந்தனார் சரித்திரத்துக்குள்ள கொண்டுபோய் வச்சுட்டாங்க. பழசோட புதுசு அப்படி ஒட்டிப் போச்சு. ஒரு கலை செத்துப் போனா அதிலே புதுத் துளிர் ஒட்டுமா ஐயா? பட்ட மரத்திலே ஒட்டுக் கட்ட முடியுமா?

இன்றைக்கு இந்தத் தலைப்பைக் காரைக்காலில் வைத்திருக்கிறீர்கள். இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. இங்கேயிருந்து நாகப்பட்டினம் பக்கம் போனால் நரிமணம். இப்போ அந்தப் பேரைச் சொன்னா எல்லாருக்கும் எண்ணெய்க் கிணறுதான் ஞாபகம் வரும். அந்த நரிமணத்திலேதான் கோபாலகிருஷ்ண பாரதியார் பிறந்தார் என்று உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பாரதியார் நந்தனார் சரித்திரத்தைப் பாடிப் பாடி ஊர் ஊராகப் புகழ் பரவியபோது, அதை அச்சில் கொண்டுவர முன்வந்தவர் யார்? நம்ம ராஜாக்களா, ஜமீன்தார்களா? இந்தக் காரைக்காலில் உத்தியோகம் பார்த்த சீஸே என்கிற பிரெஞ்சுக்கார அதிகாரி! 1860-களின் தொடக்கத்தில் நடந்தது இது. எங்கேயோ கடலுக்கு அப்பால பிறந்த வெள்ளைக்காரன் காதுல நம்ம சேரி நந்தனோட பாட்டு விழுந்து, ‘இதைப் புஸ்தகமாப் போடணும்’னு தோணியிருக்கு பாருங்க. அந்தக் காரைக்கால் மண்ணுல நின்னுக்கிட்டு, ‘கலை ஒரு இடத்தைவிட்டு நகரக் கூடாது’ன்னு எதிரணி பேசுறாங்க!

அவங்க வைக்கிற பெரிய குற்றச்சாட்டு என்ன? ‘மூலத்தை மாத்திட்டான்’. சரி. மூலம் எது? அதைப் பேசிருவோம்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதை இருக்கிறது. ஆதனூர். புலைப்பாடி. பேரிகைக்குத் தோல், யாழுக்கு நரம்பு, பூசைக்குக் கோரோசனை கொடுக்கிற தொண்டு. திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாள் கடத்திக் கடைசியில் போகிறார். தீயில் இறங்கி எழுகிறார். அவ்வளவுதான் கதை. இதில் நந்தனைக் கொடுமைப்படுத்துகிற வேதியர் உண்டா? கிடையாது. நாற்பது வேலி நிலத்தையும் ஒரே ராத்திரியிலே விளைவித்துக் காட்டினால்தான் சிதம்பரம் போகலாம் என்கிற கட்டளை உண்டா? கிடையாது. இவ்வளவும் பாரதியார் கொண்டுவந்து சேர்த்தது. ‘ஐயரே, போயிட்டு வரட்டுமா?’ன்னு பண்ணையாள் கெஞ்சுறானே, நம்ம தஞ்சாவூர்ச் சீமையிலே தினமும் நடந்த சங்கதி அது, அதை எடுத்துப் புராணத்துக்குள்ள செருகினாரு மனுஷன்.

அதுக்கு அவருக்கு என்ன கிடைச்சுது தெரியுமா ஐயா? மாயூரத்துல மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தமிழ் உலகமே தலைவணங்கின ஆள். அவர்கிட்ட சிறப்புப் பாயிரம் கேட்டுப் பாரதியார் நடையா நடக்குறாரு. பிள்ளைக்கு மனசு வரலை. காரணம் ரெண்டு. ஒண்ணு, பாட்டுல இலக்கணப் பிழை. இன்னொண்ணு, பெரியபுராணத்தை மாத்திட்டாரு! அதாவது, இன்னைக்கு எதிரணி சினிமா மேல சொல்ற அதே குற்றச்சாட்டு! ஒருநாள் மத்தியானம். பிள்ளை உள்ளே படுத்திருக்கிறார். பாரதியார் வெளித் திண்ணையில் உட்கார்ந்து, யாரையும் கூப்பிடாமல், தனக்குத்தானே கீர்த்தனங்களைப் பாட ஆரம்பிக்கிறார். உள்ளே இருக்கிற இலக்கணப் புலி காதுகொடுத்துக் கேக்குது. கேக்கக் கேக்க நெஞ்சு இளகுது. எழுந்து வந்து பாயிரம் கொடுத்தாரு. இதையும் உ.வே.சா. ஐயர்தான் எழுதி வச்சிருக்காரு, பிள்ளையோட மாணாக்கர். இலக்கணம் கெட்டுப் போச்சுன்னு பாயிரம் மறுத்தவர், பாட்டுக் கேட்டு மாறினாரு. எதிரணி நண்பர்களே, மகாவித்வானே மாறினாரு, நீங்க மாறக் கூடாதா? (கைதட்டல்)

அப்புறம் அந்தக் கதாகாலட்சேபம் நாடகக் கம்பெனிகள் கைக்குப் போச்சு. ஆர்மோனியம் வந்துச்சு, ராஜபார்ட் வந்தாரு, கேலிக்குக் கோமாளி வந்தான். அங்கேயும் மாறிச்சு. மேடையிலே மாறினா அது வளர்ச்சி, திரையிலே மாறினா அது வீழ்ச்சி! இது என்ன கணக்குன்னு எனக்குப் புரியலை.

இனி திரைக்கு வருகிறேன். 1935. ‘பக்த நந்தனார்’. நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். கணவர் கிட்டப்பா 1933 டிசம்பரில் மறைந்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, இனி நடிப்பே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த அம்மையார். அவரை விடாமல் கேட்கிறார்கள். கேட்பவரை விரட்ட வேண்டும் என்று, ‘ஒரு லட்சம் ரூபாய் கொடு’ என்றார் என்பார்கள். அவனும் சரின்னுட்டான்! ஒரு லட்சம் ஐயா, 1935-ல. அன்னைக்கு சவரன் விலை போட்டுப் பார்த்தா நமக்குத் தலை சுத்தும். வேதியராக நடித்தது யார்? சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். பண்ணையாள் வேஷத்தில் ஒரு பெண், எசமான் வேஷத்தில் ஒரு பெரிய வித்வான். இதை மேடையிலே எத்தனை ஊர்ல பார்த்திருக்க முடியும்? நாடக மேடையிலே ஜோடி சேராத ரெண்டு பேரைத் திரை சேர்த்து வச்சுது.

படம் நல்லா இருந்துச்சான்னு கேப்பீங்க. நான் மறைக்க மாட்டேன். ஆனந்த விகடன்ல கல்கி விட்டு விளாசிட்டாரு. மரமும் எருமையும்தான் நல்லா நடிச்சிருக்குங்கிற தோரணையிலே எழுதினாரு.

(நடுவர்: எருமைக்குச் சம்பளம் எவ்வளவு கொடுத்தாங்களாம்? – சிரிப்பு)

அதுக்கு லட்சம் கேக்கத் தெரியலை ஐயா, வாயில்லாப் பிராணி! ஆக, முதல்ல தடுமாறிச்சு, ஒத்துக்கிறேன். நாடகத்தை அப்படியே கொண்டுபோய் கேமரா முன்னால நிறுத்தி, பாட்டு மேல பாட்டாப் போட்டாங்க. அந்தக் காலத்துப் படமெல்லாம் அப்படித்தான். 1934-ல வந்த ‘பவளக்கொடி’யும் அப்படித்தான். மேடையிலே ஓடின நாடகம், மேடையிலே நடிச்ச தியாகராஜ பாகவதர், எஸ்.டி. சுப்புலட்சுமி, எல்லாரையும் வாரிக்கிட்டுப் போய்ப் படமாக்கினாங்க. நடக்கப் பழகுற பிள்ளை ரெண்டு தடவை விழும். அதுக்காகக் காலை வெட்டுவாங்களா?

ஏழே வருஷம். 1942. ஜெமினியின் நந்தனார், முருகதாசா (முத்துசாமி ஐயர்) இயக்கத்தில். நந்தனாக எம்.எம். தண்டபாணி தேசிகர். எந்த ஊர்? திருச்செங்காட்டங்குடி. நம்ம பக்கம்! தேவாரம் பாடிப் பழகிய தொண்டை. வேதியராக செருகளத்தூர் சாமா. இந்தப் படத்தைத்தான் மேடைக்காரர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லணும், கெட்டுப் போச்சா நல்லா ஆச்சான்னு. மேடையிலே நந்தன் அழுதா, முன்வரிசை மிராசுதார் அந்தக் கண்ணீரைப் பார்ப்பாரு. கடைசி வரிசைக்காரனுக்கு என்ன தெரியும்? விளக்கு வெளிச்சத்துல கறுப்பா ஒரு உருவம் அசையும், அவ்வளவுதான். திரையிலே அந்த முகம் ஆள் உயரத்துக்கு வந்து நிக்குது. மணல்ல உட்கார்ந்தவனுக்கும் அதே முகம், நாற்காலியிலே உட்கார்ந்தவனுக்கும் அதே முகம்.

மணல்னு சொன்னேன். அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும் ஐயா. மணி அடிச்சிராதீங்க.

நாங்க நடவுக்கும் களையெடுப்புக்கும் போன குடும்பம். நிரவிப் பக்கம். ஊருக்கு வெளியிலே எங்க தெரு. எங்க அப்பாயி சின்னப் பொண்ணா இருந்தப்போ, அறுவடை முடிஞ்சு மிராசுதார் வீட்டு வாசல்ல பந்தல் போட்டு நந்தனார் காலட்சேபம் நடக்குமாம். யாரைப் பத்திக் கதை? எங்களைப் பத்தி. பந்தல்ல யார் உட்கார்ந்திருப்பாங்க? நாங்க இல்ல. அப்பாயியும் அவங்க வயசுப் பிள்ளைகளும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வைக்கோல் போர் மறைவுல நின்னு கேப்பாங்களாம். காத்து இந்தப் பக்கம் அடிச்சா பாட்டு கேக்கும், அந்தப் பக்கம் அடிச்சா தவளைச் சத்தம்தான் கேக்கும். ‘நந்தன் கோயிலுக்கு வெளியே நின்னான்’னு உள்ளே பாகவதர் உருகி உருகிப் பாடுறாரு. கேட்டு உள்ளே இருக்கிறவங்க கண்ணைத் துடைச்சுக்கிறாங்க. வெளியே நிஜமாவே நந்தன் நின்னுக்கிட்டிருக்கான். (அரங்கில் அமைதி)

எதிரணி அம்மா, ‘ஜீவனுள்ள கலை, நேருக்கு நேர் கலை’ன்னு சொன்னீங்களே. யாருக்கு அம்மா நேருக்கு நேர்?

அந்தப் படம் வந்து நாலஞ்சு வருஷம் கழிச்சு எங்க பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்துச்சாம். அப்போ இங்கே பிரெஞ்சுக்காரன் கொடி பறந்துக்கிட்டிருந்த காலம். அப்பாயி கல்யாணம் ஆகி, இடுப்புல ஒரு பிள்ளையோட போயிருக்காங்க. தரை டிக்கெட். மணலைக் குவிச்சு மேடு பண்ணி உட்கார்ந்து, முறுக்கைக் கடிச்சுக்கிட்டு, முதல் தடவையா நந்தனார் கதையை ஆரம்பத்திலேருந்து கடைசி வரைக்கும், காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் கேக்குற மாதிரி கேட்டாங்க. எல்லா ஊர்லயும் அப்படி உட்கார விட்டான்னு நான் சொல்ல மாட்டேன். கொட்டகைக்காரன் சமத்துவம் பேச வந்தவனும் இல்ல. அவனுக்குக் காசு வேணும். ஆனா அவன் கேட்டது காசை. தெருப் பேரை இல்ல. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள 1939 ஜூலையிலே வைத்தியநாதய்யர் எங்க மக்களைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. சென்னை மாகாணத்துக்கெல்லாம் சேர்த்துக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல. இதுக்கு நடுவிலே, கோயில் கதவு திறக்கிறதுக்கு முன்னாடி, கொட்டகைக் கீத்து விலகி எங்க அப்பாயியை உள்ளே விட்டுச்சு. திருப்புன்கூர்ல நந்தி விலகின மாதிரி. (நீண்ட கைதட்டல்)

நாற்பது வேலியும் ஒரே ராத்திரியிலே விளைஞ்ச இடம் வந்தப்போ, பக்கத்துல இருந்தவளை இடிச்சு, “அடியே, நம்ம வேலையைச் சாமி செஞ்சிருக்குடி”ன்னு சிரிச்சாங்களாம். அதை எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பாங்க. ஆனா கடைசிக் கட்டம் அவங்களுக்குப் பிடிக்கலை. வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரே கேள்விதான்: “சாமிதான் கூப்பிட்டுச்சே, அப்புறம் எதுக்கு அந்தப் புள்ளைய நெருப்புல எறக்குனாங்க?”

எழுதப் படிக்கத் தெரியாத கிழவி ஐயா. புராணமும் பதில் சொல்லலை, மேடையும் பதில் சொல்லலை, வாசனும் பதில் சொல்லலை. பாரதியார் வேதியரைச் சேர்த்தாரு, நாற்பது வேலியைச் சேர்த்தாரு. நாடகக்காரன் கோமாளியைச் சேர்த்தான். பாபநாசம் சிவன் புதுப் பாட்டைச் சேர்த்தாரு. எல்லாரும் எல்லாத்தையும் மாத்தினாங்க. அந்தத் தீயை மட்டும் ஒருத்தரும் தொடலை. நம்ம டெல்டாவிலே தீ வெறும் கதை இல்ல. 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலியைக் கூடக் கேட்ட தகராறுல, ஒரே குடிசைக்குள்ள 44 பேர் வெந்து போனாங்க. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். நாகப்பட்டினத்துக்குப் பக்கம். இங்கேயிருந்து எவ்வளவு தூரம்னு இந்தக் கூட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேதி வந்தப்போ எங்க அப்பாயி நந்தன் பேரைத்தான் சொன்னாங்க.

அதனால எதிரணி கேக்கலாம், ‘உங்க சினிமாவும் நந்தனை எரிக்கத்தானே செஞ்சுது?’ன்னு. நியாயமான கேள்வி. பதில் இருக்கு.

1949. ‘நல்லதம்பி’ன்னு ஒரு படம். கதை வசனம் அண்ணாதுரை. அதிலே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் ஒரு காலட்சேபம் பண்ணுவாரு. பாகவதர் மாதிரியே நின்னு, அதே தாளம், அதே இழுப்பு. நந்தனார் இல்லை, கிந்தனார்! எழுதினது உடுமலை நாராயணகவி. நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை. கிந்தனுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை. நந்தன் நடந்து போனான். கிந்தன் ரயில் ஏறிப் பட்டணம் போறான். படிச்சு ஆளாகுறான். நெருப்பு இல்லை ஐயா! ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிக்க வச்சுக்கிட்டே நந்தனைத் தீயிலேருந்து கையைப் பிடிச்சு வெளியே இழுத்துட்டாரு கலைவாணர். அந்தப் படத்தையும் அப்பாயி பார்த்தாங்க. “இந்தப் பய பொழச்சுக்குவான்”னாங்க. எங்க அப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாங்க. கிந்தனைப் பார்த்துத்தான் சேர்த்தாங்கன்னு நான் கதை விட மாட்டேன். ஆனா அவரை வீட்டுல ரொம்ப நாள் ‘கிந்தா’ன்னுதான் கூப்பிட்டாங்க. (கைதட்டல்)

மேடையும் பிற்பாடு விழிச்சுது, இல்லைன்னு சொல்லலை. இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ன்னு நாடகம் எழுதினாரு. நந்தனைத் தீயிலே இறக்கினது யார் சூழ்ச்சின்னு கேட்டாரு. நல்ல நாடகம். ஆனா அந்தக் கேள்வியைக் கிந்தன் சிரிச்சுக்கிட்டே முன்னாடியே கேட்டுட்டான்.

(நடுவர்: நேரம் ஆகுதுய்யா. – மணி அடிக்கிறார்)

ஒரே நிமிஷம் ஐயா. காரைக்காலுக்கு வந்துட்டு அம்மையாரைப் பத்திப் பேசாமல் இறங்கினா இந்த ஊர் என்னைச் சும்மா விடாது. ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா. மாடியிலேருந்து மாம்பழம் மழையாக் கொட்டும், தலையிலே விழுந்தாலும் சந்தோஷம். 1973-ல ஏ.பி. நாகராசன் ‘காரைக்கால் அம்மையார்’ எடுத்தாரு. அவரும் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் கம்பெனியிலே பையனாச் சேர்ந்து வளர்ந்தவர்தான். புனிதவதியா லட்சுமி. பேயுருவம் வேண்டிப் பெற்ற அம்மையாரா யாரு? அதே கே.பி. சுந்தராம்பாள்! 1935-ல நந்தனா நின்னவங்க, 38 வருஷம் கழிச்சு நம்ம ஊர் அம்மையாரா வந்து நின்னாங்க. குரல் அப்படியே இருக்கு. கிட்டப்பா சினிமாவிலே நடிக்கவே இல்லை. இருபத்தேழு வயசுல போயிட்டாரு. மேடையிலே அவர் எப்படி நடந்தாரு, எப்படித் திரும்பினாரு, எப்படிச் சிரிச்சாருன்னு இன்னைக்கு யாராவது எனக்குக் காட்ட முடியுமா? இசைத்தட்டுல குரல் மட்டும் இருக்கு. சுந்தராம்பாளை என் பேத்திக்கு நான் காட்டுவேன். போன மாசம் காட்டினேன். “யாரு தாத்தா இந்தப் பாட்டி, இவ்வளவு சத்தமாப் பாடுறாங்க?”ன்னு கேட்டுட்டு, விளையாடப் போகாம உட்கார்ந்துட்டா.

(மீண்டும் மணி)

இறங்கிட்டேன் ஐயா, இறங்கிட்டேன். அடுத்து எதிரணியிலே பேச வர்ற தம்பிக்கு ஒரு வேண்டுகோள். தம்பி, பாடுங்க, தாராளமாப் பாடுங்க. அந்தப் பாட்டை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்னவங்க முதல் தடவை முழுசா எங்கே கேட்டாங்கன்னு, அதையும் சேர்த்துச் சொல்லிட்டு உட்காருங்க. 

(கைதட்டல்)